பதில் வருவதற்குள்

நெட்வொர்க்கிங் படிக்க வருகிற எவருக்கும் முதல் நாளே ஓர் ஏழு மாடிக் கட்டடத்தைக் காட்டிவிடுகிறார்கள். தரைத்தளம் பிசிக்கல், அதற்கு மேல் டேட்டா லிங்க், பிறகு நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், உச்சியில் அப்ளிகேஷன். 1984இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஓஎஸ்ஐ மாதிரி இது. ஏழையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பதற்கு பீட்சாவை வைத்து ஓர் ஆங்கில வாக்கியம் இன்ஜினியரிங் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. நானும் அதைச் சொல்லித்தான் பாஸானேன். வேடிக்கை என்னவென்றால், இன்றைய இணையம் அந்த ஏழு மாடியில் குடியிருக்கவே இல்லை. ஓஎஸ்ஐ குழுக்கள் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தபோதே, 1983 ஜனவரி 1 அன்று, அர்பாநெட் டிசிபி, ஐபி என்ற ஜோடிக்கு மாறிவிட்டது. யாரும் முழுசாகக் குடிபோகாத ஒரு வீட்டின் பிளானை நாற்பது வருஷமாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறோம்.

மனப்பாடம் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்தப் பிளானில் தூரம் என்ற ஒன்று கிடையாது. இரண்டு பெட்டிகள், நடுவில் ஒரு கோடு. கோட்டின் நீளம் இரண்டு அடியா, இருபது கிலோமீட்டரா, நடுவில் ஒரு மலை இருக்கிறதா என்பதை எந்த மாடியும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் வெள்ளிமலையைச் சேர்ந்த இரண்டு தம்பிகள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கீழே டிப்ளமோ படிப்பவர்கள். நெட்வொர்க் வேலைக்கு சிசிஎன்ஏ எழுதலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், எங்கே ஆரம்பிப்பது என்று என்னிடம் விசாரித்தார்கள். நான் புத்தகப் பட்டியல் சொல்வதற்குள் அவர்களில் இளையவன் கேட்டான்: "அண்ணா, எங்க ஊர்ல சில இடத்துல போன்ல ஃபுல் பாயிண்ட் காட்டுது. ஆனா மெசேஜ் போவமாட்டேங்குது, சுத்திக்கினே இருக்குது. சிக்னல் இருந்தா போவணும் இல்ல?"

நெட்வொர்க்கிங்கின் அடிப்படை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. போனில் தெரியும் பாயிண்ட், டவர் பேசுவது உங்களுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதற்கான அளவு. நீங்கள் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்வதில்லை. டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது. உங்கள் கையிலிருக்கும் போன் அதிகபட்சம் சுமார் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. பள்ளத்துக் குடிசையில் நிற்பவனுக்கு மேட்டிலிருந்து கத்துவது கேட்கும், அவன் முனகுவது மேலே போகாது. கேட்பதும் கேட்கப்படுவதும் வேறு வேறு. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் நெட்வொர்க் வரலாற்றின் பாதியை ஊகித்துவிடலாம். அந்த வரலாற்றில் ஒரு பங்கு நம் பக்கத்து ஊர்களில் நடந்தது, அதை எந்தப் பாடத்திட்டமும் அந்தத் தம்பிகளுக்குச் சொல்லப்போவதில்லை.

முதலில் கொஞ்ச தூரம் போய்வர வேண்டும். ஹவாய் தீவுகள், 1971. மைய கம்ப்யூட்டர் ஓவாஹு தீவில், அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் மற்ற தீவுகளிலும். நடுவில் கடல். நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் குழுவினரும் கம்பியை விட்டுவிட்டு ரேடியோவை எடுத்துக்கொண்டார்கள். அலைச்சறுக்கு விளையாட வசதி என்பதும் அவர் ஹவாய்க்குப் போனதற்கு ஒரு காரணம். அவர்கள் கட்டிய அலோஹாநெட்டின் விதி ஒரே மூச்சில் சொல்லக்கூடியது: சொல்ல விஷயம் இருந்தால் சொல்லிவிடு. மையத்திலிருந்து "கிடைத்தது" என்று பதில் வந்தால் சரி. வராவிட்டால், வேறு யாரோ அதே நேரத்தில் பேசியதால் இரண்டும் மோதிவிட்டன என்று எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சொல்.

அந்தக் "கொஞ்ச நேரம்" ஆளுக்கு ஆள் குத்துமதிப்பாக மாறுபட வேண்டும் என்பதில்தான் சூட்சுமம். ஒற்றையடிப் பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இருவரும் ஒரே கணக்கில் தாமதித்தால் காலம் முழுக்க முட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஆளாளுக்குப் பகடை உருட்டினால் யாராவது ஒருவர் முதலில் போய்விடுவார். இப்படி ஒழுங்கே இல்லாமல் பேசினால் அலைவரிசையில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கணக்கு சொன்னது. மீதி மோதலும் மௌனமும். எனக்கு இந்த எண் மிகவும் பிடிக்கும். இவ்வளவு மோசமான ஒரு விதி இவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கான சாட்சி அது.

பாப் மெட்காஃப் இதைப் படித்து, 1973இல் ஜெராக்ஸின் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட்டாக மாற்றினார். பேசுவதற்கு முன் காதைக் கொடு, யாரும் பேசவில்லை என்றால் பேசு. இது மலைப்பாதை ஓட்டுநர்களுக்குத் தெரிந்த விதி. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பஸ், கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்துவிட்டு அரை நொடி காது கொடுக்கும். எதிர் ஹாரன் வரவில்லை என்றால் திரும்பும்.

ஆனால் எதிர் ஹாரன் உங்களை வந்தடையும் முன் நீங்கள் திரும்பிவிட்டால்? ஈதர்நெட்டில் ஒரு ஃப்ரேம் குறைந்தது 64 பைட் இருக்க வேண்டும் என்று படிப்போம். ஏன் 64 என்று பெரும்பாலும் சொல்லித் தருவதில்லை. பழைய ஈதர்நெட் வினாடிக்கு 10 மெகாபிட் அனுப்பியது. அந்த வேகத்தில் 64 பைட் அனுப்ப 51.2 மைக்ரோ வினாடி ஆகும். அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச தூரமான சுமார் 2500 மீட்டரின் மறுமுனையில் மோதல் நடந்தாலும், அந்தச் செய்தி நீங்கள் பேசி முடிப்பதற்குள் உங்களிடம் திரும்பி வந்துவிட வேண்டும். அதற்காகத்தான் 64. பைட் என்று எழுதியிருந்தாலும் அது உண்மையில் ஒரு தூரம். ஓர் அலுவலகக் கட்டடத்தின், ஒரு கல்லூரி வளாகத்தின் நீளம்.

இதே மாதிரி வைஃபைக்குள்ளும் ஒரு தூரம் ஒளிந்திருக்கிறது. ஜிஎஸ்எம் போனுக்குள்ளும்தான். ஜிஎஸ்எம் டவர் எவ்வளவு சக்தியோடு கத்தினாலும் சாதாரணமாக 35 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் போனோடு பேச முடியாது. தூரத்தில் இருக்கும் போனை "நீ கொஞ்சம் முன்னாடியே பேச ஆரம்பி" என்று டவர் சரிசெய்துகொள்ளும். அப்படிச் சொல்ல ஒதுக்கிய எண் 63 வரைதான் போகும், ஒரு எண்ணுக்குச் சுமார் 550 மீட்டர். பெருக்கிப் பாருங்கள். சிக்னல் எட்டாததால் வந்த எல்லை இல்லை அது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று யாரோ ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதியதால் வந்த எல்லை.

கல்வராயன் மலைக்கு இது ஒன்றும் புதிதல்ல. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்களாக இருந்த மலை. நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது வருஷம் கழித்து 1976இல்தான் அரசு நேரடியாகக் கையில் எடுத்தது. அதுவரை சட்டமும் வரியும் ஜாகிர்தார் வழியாகத்தான் மலையேறின. முதலில் தென்னாற்காடு, 1993இலிருந்து விழுப்புரம், 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி என்று மாவட்டத் தலைநகரம் மெல்ல மெல்ல நெருங்கி வந்தது. 2024இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தபோது, பேச்சு மீண்டும் சாலையிலேயே வந்து நின்றது. மேலிருந்து வருவது கேட்கிறது, கீழிருந்து போவது போய்ச் சேர்கிறதா என்பது இங்கே போனுக்கு முன்பே இருந்த கேள்வி.

ரேடியோ கணக்குப்படி பார்த்தால் மலை ஒரு வரம். சமவெளியை விட 600 மீட்டர் உயரத்தில் ஓர் ஆன்டெனா வைத்தால், தடை இல்லாத திசையில் ரேடியோ தொடுவானம் சுமார் 100 கிலோமீட்டர். உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12ஆல் பெருக்கினால் இந்தக் கணக்கு வந்துவிடும். அந்தத் தம்பிகளே போட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். "அப்போ எங்க ஊர்லதான்ணா டவர் வைக்கணும்!" சரிதான். ஆனால் மலை மேலிருந்து சமவெளி தெரியும் அளவுக்கு அடுத்த மடிப்பில் இருக்கும் சிற்றூர் தெரியாது. கல்வராயனில் குடியிருப்புகள் மடிப்புகளுக்குள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு முகட்டின் இரு பக்கமும் இருக்கும் இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று கேட்க முடியாது. இரண்டுக்கும் உச்சி டவர் மட்டும் கேட்கும். வைஃபை விதிப்படி இரண்டும் காது கொடுத்துப் பார்த்து, யாரும் பேசவில்லை என்று நம்பி ஒரே நேரத்தில் பேசும். உச்சியில் மோதும். பாடப்புத்தகத்தில் இதற்கு மறைந்த முனையப் பிரச்சினை என்று பெயர், மூன்று வட்டங்கள் வரைந்திருப்பார்கள். மலைக்காரர்களுக்கு வட்டம் தேவையில்லை.

இந்தச் சிக்கல்களைத் தமிழ் பேசும் ஊர்களில் யார் முதலில் எதிர்கொண்டார்கள் என்று தேடினால், வெள்ளிமலையிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து இறங்க வேண்டும். புதுச்சேரிக்குப் பக்கத்தில் வில்லியனூர். 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையத்தை வைத்துச் சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கியது. பல கிராமங்களுக்கு டெலிபோன் லைனை நம்ப முடியாது. அதனால் அவர்கள் எடுத்தது விஎச்எஃப் ரேடியோ, போலீஸ் வண்டியில் கரகரக்குமே, அந்த வகை. அதே ரேடியோவில் குரலும் போனது, மோடம் வைத்து டேட்டாவும் போனது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்ததும் "ஓவர்". யார் முறை என்ற கேள்விக்கு மனிதர்கள் கண்டுபிடித்த மிகப் பழைய விடைகளில் ஒன்று அந்தச் சொல்.

வீராம்பட்டினம் மீனவக் குப்பம். அங்கே வேண்டியிருந்தது ஒரே ஒரு தகவல்: நாளை அலை எவ்வளவு உயரம்? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்காள விரிகுடாவின் அலை உயர முன்கணிப்பு கிடைத்தது. வில்லியனூரில் அதை இறக்கி, தமிழாக்கி, ரேடியோவில் வீராம்பட்டினத்துக்கு அனுப்பி, அங்கே ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து டாட் காம் கனவு கண்டவர்கள் யாரும் இப்படி ஒரு கடைசி மைலை யோசித்திருக்க மாட்டார்கள். சாட்டிலைட்டிலிருந்து சர்வர், சர்வரிலிருந்து விஎச்எஃப், விஎச்எஃபிலிருந்து கோயில் திருவிழாவில் பாட்டுப் போடும் குழாய் ஸ்பீக்கர். நெட்வொர்க் பாடத்தில் பிராட்காஸ்ட் என்று ஒரு சொல் வரும்: யார் என்று குறிப்பிடாமல் எல்லோருக்கும் அனுப்புவது. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

2004 டிசம்பர் 26 காலை அந்தக் குழாய் ஸ்பீக்கர் வேறு வேலை செய்தது. இதே திட்டத்தின் மையம் இருந்த இன்னொரு மீனவ ஊர் நல்லவாடு. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். செய்தி தகவல் மையத்துக்கு ஓடியது, ஒலிபெருக்கியில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். ஊரில் 3500க்கும் மேற்பட்டவர்கள். வீடுகள் போயின, ஆட்கள் பிழைத்தார்கள். அந்த வழியில் இன்டர்நெட் ஒரு கண்ணியாகக்கூட இல்லை என்பதை கவனியுங்கள். நீண்ட தூரத்துக்குப் போன், கடைசி 500 மீட்டருக்கு ஸ்பீக்கர். நெட்வொர்க் என்பது எது கைக்குக் கிடைக்கிறதோ அதை ஒட்டிப் போடுவதுதான். ஐபியின் தத்துவமும் அதேதான், நடுவில் எந்த ஊடகம் இருக்கிறது என்று அது கேட்காது.

அங்கிருந்து சற்றுத் தெற்கே நெல்லிக்குப்பம். அது ஒரு காலத்தில் வெள்ளிமலையோடு ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். 2001 வாக்கில் அங்கே ஈஐடி பாரி சர்க்கரை ஆலை, கரும்பு விவசாயிகளுக்காகக் கிராமங்களில் கம்ப்யூட்டர் மையங்கள் தொடங்கியது. இணைப்பு, சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு உருவாக்கிய கார்டெக்ட். டவரிலிருந்து 10 கிலோமீட்டர், நடுவில் ஒரு ரிலே வைத்தால் 25 கிலோமீட்டர் வரை. வேகம் வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதன் விதி அலோஹாவுக்கு நேர் எதிர். 10 மில்லி வினாடியை 24 துண்டாக வெட்டி, ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிடும். உன் துண்டு வரும்போது பேசு, மற்ற நேரம் வாயை மூடு. மோதலே கிடையாது. பேச எதுவும் இல்லாதவனின் துண்டு வீண், அவ்வளவுதான் நஷ்டம்.

இந்த மையங்கள் நிலைக்கவில்லை. மதுரை மாவட்டம் மேலூரில் இதே கார்டெக்டை வைத்துத் தொடங்கியவற்றிலும் பெரும்பாலானவை சில வருஷங்களில் மூடப்பட்டன. பாக்கெட் போய்ச்சேர்வதில் பெரிய சிக்கல் இல்லை. மையம் நடத்தியவருக்கு வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் வருமானம் வரவில்லை, அதற்குள் கைப்பேசி மலிவாகிவிட்டது. ஏழு மாடிக்கு மேல் எட்டாவதாகப் பணம் என்று ஒரு மாடி இருக்கிறது என்று நெட்வொர்க் ஆட்கள் ஜோக் அடிப்பார்கள்.

இனி வருவதுதான் நான் அந்தத் தம்பிகளுக்கு அதிக நேரம் சொன்னது.

2000களின் தொடக்கத்தில் வைஃபை கருவிகள் மலிவாகிவிட்டன. உலகம் முழுக்க லட்சக்கணக்கில் தயாரிப்பதால் வந்த விலை அது, எந்தக் கிராமத் தொழில்நுட்பமும் போட்டி போட முடியாது. வீட்டுக்குள் 50 மீட்டர் போவதற்காகச் செய்த பெட்டியின் பின்னால் கூர்மையான ஆன்டெனாவை மாட்டி, ஒன்றையொன்று பார்க்கும்படி உயரத்தில் வைத்தால், பத்து இருபது கிலோமீட்டர்கூட சிக்னல் போகிறது. கான்பூர் ஐஐடியில் பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் கங்கைச் சமவெளிக் கிராமங்களில் இதைச் செய்தார்கள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் எரிக் புரூவர் குழு செய்து பார்க்க வந்த இடங்களில் ஒன்று நம் தேனி.

தேனியில் இருந்தது அரவிந்த் கண் மருத்துவமனை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய நிறுவனத்தின் கிளை. தொடங்கிய வருஷம் 1976, கல்வராயன் மலையில் ஜாகிர் ஒழிந்த அதே வருஷம். கண் புரையோ சர்க்கரை நோயின் கண் பாதிப்போ உள்ளவர்களுக்குப் பெரிய செலவு மருந்து இல்லை, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவது. அதனால் சுற்றுப்பட்டு ஊர்களில் சின்னச் சின்ன விழி மையங்கள். அங்கே பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தேனியிலிருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடியா, சொட்டு மருந்தா, ஆபரேஷனுக்கு வர வேண்டுமா என்பது அங்கேயே முடிவாகும். இதற்கு வீடியோ தடங்கலில்லாமல் போக வேண்டும்.

போகவில்லை. சிக்னல் ஜோராகக் காட்டியது, டேட்டா திக்கியது. இளையவன் கேட்ட அதே கேள்விதான், காரணம் மட்டும் வேறு.

வைஃபையில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எதிர்முனை உடனே "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். குறிப்பிட்ட சில மைக்ரோ வினாடிக்குள் அந்தப் பதில் வராவிட்டால், பாக்கெட் தொலைந்தது என்று அனுப்பியவர் முடிவுகட்டித் திரும்ப அனுப்புவார். ஒளி ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீட்டர் போகும். 50 மீட்டர் வீட்டுக்குள் போய்வரும் நேரம் கணக்கிலேயே வராது. 15 கிலோமீட்டருக்குப் போக 50, வர 50, மொத்தம் 100 மைக்ரோ வினாடி. பாக்கெட் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. "கிடைத்தது" என்ற பதிலும் கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. ஆனால் அனுப்பியவர் பொறுமை இழந்து அதே பாக்கெட்டைத் திரும்ப அனுப்பத் தொடங்கிவிட்டார். கேட்கவில்லை என்று நினைத்து அவர் கத்துகிறார், கேட்டது என்று இவர் சொல்வது அந்தக் கத்தலில் மூழ்குகிறது. சில சிப்களில் காத்திருக்கும் நேரத்தை நீட்டலாம். நீட்டினாலும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சும்மா காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும்.

கான்பூர் குழு 2005இல் சொன்ன வழி, காது கொடுத்துக் கேட்கும் வேலையையே விட்டுவிடலாம் என்பது. ஒரு டவரில் பல திசை பார்த்து ஆன்டெனாக்கள் இருந்தால், எல்லாம் ஒன்றாகப் பேசட்டும், பிறகு எல்லாம் ஒன்றாகக் கேட்கட்டும். ஒன்று பேசும்போது பக்கத்தில் இருப்பது கேட்க முயன்றால்தான் காது அடைக்கும். பெர்க்லி குழு 2007இல் வெளியிட்ட வைல்ட்நெட் இதை மேலும் எடுத்துச் சென்றது. நேரத்தைத் துண்டு போட்டு முறைவைப்பது, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லாமல் ஒரு கட்டுக்கு மொத்தமாக ஒரு பதில், தொலைவதை முன்கூட்டியே ஊகித்துக் கொஞ்சம் உபரியாக அனுப்புவது. சாதாரண வைஃபையை விட இரண்டு முதல் ஐந்து மடங்கு டேட்டா போனது. பெட்டி அதே பெட்டி, ஆன்டெனா அதே ஆன்டெனா. மாறியது எப்போது பேசுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற விதி மட்டும்.

தேனியில் ஐந்து விழி மையங்கள் இப்படி மருத்துவமனையோடு இணைந்தன. மிக நீளமான இணைப்பு ஆண்டிபட்டிப் பக்கம், 15 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்கு நேர்கோட்டில் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. ரேடியோ அலை நடுவில் உப்பும், 2.4 கிகாஹெர்ட்ஸில் நடுப்புள்ளியில் சுமார் 22 மீட்டர் ஆரத்துக்கு. அதில் பெரும்பகுதி மரம் மட்டை இல்லாமல் இருக்க வேண்டும். அதனால் டவர்கள் 24 மீட்டரிலிருந்து 42 மீட்டர் வரை. ஓரிடத்தில் டவர் கட்டாமல் ஒரு ஜவுளி ஆலையின் புகைபோக்கி மேல் ஆன்டெனாவை வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த நெட்வொர்க் கருவி அந்தப் புகைபோக்கிதான்.

அடுத்த வருஷம், 2008இல், அதே குழு இன்னொரு கட்டுரை எழுதியது. முதல் கட்டுரையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவதுதான் நான் யாருக்கும் முதலில் படிக்கச் சொல்வது. பைலட் திட்டம் முடிந்து ஆராய்ச்சியாளர்கள் ஊருக்குப் போன பிறகு நெட்வொர்க்கை உயிரோடு வைத்திருப்பது எப்படி என்பது அதன் விஷயம். அவர்களைப் படுத்தியதில் முதன்மையானது கரண்ட். வோல்டேஜ் எகிறினால் ரௌட்டர் கருகும். கருகினால்கூடப் பரவாயில்லை, எது பழுது என்று தெரிந்துவிடும். வோல்டேஜ் பாதியாக இறங்கினால் ரௌட்டர் அணையவும் செய்யாமல் எழவும் செய்யாமல் அரை மயக்கத்தில் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது ரேடியோ கோளாறு மாதிரியே தெரியும். சரியாக அணைக்காமல் கரண்ட் போய்ப் போய் வந்ததில் மெமரி கார்டுகள் கெட்டன. கடைசியில் அவர்கள் செய்தது, வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரௌட்டரை முழுசாகத் துண்டித்துவிடும் ஒரு சின்ன சர்க்யூட். அரை உயிரை விட முழுச் சாவு மேல், திரும்ப எழுப்ப முடியும்.

இன்றைக்குக் கருவிகள் வேறு. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோக 2018இல் டான்ஃபிநெட் தொடங்கப்பட்டது. நாடு முழுக்க சிக்னலே எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. டவர் வரும், ஃபைபரும் வரும். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த ஃபைபர் அங்கிருந்து மடிப்புக்குள் இருக்கும் குடியிருப்புக்குப் போக, யாராவது ஒருவர் அந்த மடிப்பு தெரிந்தவராக இருக்க வேண்டும். எந்த மரம் மழைக்காலத்தில் தழைத்து மறைக்கும், எந்தப் பாறையிலிருந்து எந்தக் கூரை தெரியும், எந்த வீட்டில் கரண்ட் நிற்கும் என்பதெல்லாம் சிசிஎன்ஏவில் வராது. மரவள்ளிக் காட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியைத்தான் நாம் தர வேண்டும், அதையும் சப்நெட் மாஸ்க்கிலிருந்து தொடங்காமல்.

அதனால் நான் அவர்களுக்கு முதல் பாடமாக ரௌட்டர் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு மல்டிமீட்டர் வாங்கிக் கொடுத்தேன், முன்னூற்றிச் சொச்சம் ரூபாய். "லீவுக்கு வீட்டுக்குப் போறப்போ ஒரு நாள் பூரா வோல்டேஜ் எவ்வளவு வருதுன்னு எழுதுங்க. பிளக்குல கை வைக்காம பாத்து."

"இதுக்கும் நெட்வொர்க்குக்கும் என்னண்ணா சம்பந்தம்?" என்றான் மூத்தவன். இளையவன் மீட்டரை ஏற்கெனவே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வாரம் வாட்ஸப்பில் ஒரு நோட்டுப் பக்கத்தின் படம் வந்தது. காலை 6 மணி, 229. பகல் 1 மணி, 217. சாயங்காலம் 6.30, 171. இரவு 7.10, 152. 7.40, கரண்ட் இல்லை. 9.15, 246. கீழே சின்ன எழுத்தில், "152ல வீட்டு லைட்டு எரியுது, சார்ஜர் வேலை செய்யல." படம் இரவு பத்து மணிக்கே அனுப்பியதாம், என்னிடம் வந்து சேர்ந்தது மறுநாள் காலை 8.20க்கு. பஸ் அப்போது கச்சிராயபாளையத்தைத் தாண்டியிருக்கும்.